கிறீன், சாமுவேல் பிஸ்க் (1822–1884)

தமிழில் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கற்பித்த முன்னோடி. அமெரிக்க மிஷன் மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே மாணவர்களைப் பயிற்றினார்; தேறியவர்கள் 60க்கும் மேற்பட்டோர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஊர்களில் தங்கிச் சேவை செய்யும் மருத்துவர்களே அவருடைய இலக்கு.

பாடநூல் இல்லாமல் வகுப்பு நடக்காது. கால்வின் கட்டரின் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ எனத் தமிழானது. அங்காதிபாதம் உடலமைப்பையும், சுகரணவாதம் அதன் இயக்கத்தையும், உற்பாலனம் நலம் பேணுதலையும் குறித்தன. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலியன பின்னர் வந்தன. மாணவர்களும் மொழிபெயர்ப்பில் உழைத்தனர். அவர்களின் பங்கு இன்னும் உரிய அளவு பேசப்படவில்லை. 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் கிறீன் தமிழ் நூல்பணியை விடவில்லை.