விழுப்புரத்தாரும் நிலவிறங்கு பொறியும்

விழுப்புரம் என்றதும் பல திசைத் தடங்கள் கூடும் தொடர்வண்டிச் சந்திப்பே நம் நினைவில் எழும். அவ்வூர் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனான ப. வீரமுத்துவேல், சந்திரயான்-3 திட்ட இயக்குநராக 2023 ஆகஸ்ட் 23 அன்று உலகறிந்தவரானார். நாம் இதை ஊர்ப்பெருமையாகவே பேசி நிறுத்திக்கொள்கிறோம். ஒரு பொறியை எந்த அளவு நம்பி அதனிடமே விடலாம் என்னும் வினா அவர் பணியின் நடுவில் இருந்தது.

ரயில்வே பள்ளி, உள்ளூரிலேயே இயந்திரவியல் பட்டயப்படிப்பு, சென்னையில் பொறியியல், திருச்சியில் முதுநிலை என நீண்டது அவர் கல்வி. (திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து பயிலும் நம் மாணவர்களுள் பலர் பாலிடெக்னிக்கை இன்றும் இரண்டாந்தரமாகவே எண்ணுகின்றனர்.) இஸ்ரோவில் பணியாற்றியவாறே சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் ஆய்வு செய்தார். ஏவூர்தி கிளம்புகையில் மின்னணுச் சுற்றுப்பலகைகள் கடுமையாக அதிரும். சிறுமணிகள் நிரம்பிய சிமிழ் ஒன்றைப் பலகையில் பொருத்தினால், மணிகள் மோதியும் உராய்ந்தும் அவ்வதிர்வின் ஆற்றலை உண்டுவிடும். குழந்தையின் கிலுகிலுப்பை போன்றதுதான். இது குறித்த அவருடைய கட்டுரை 2016-இல் வெளிவந்தது.

2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2 இன் விக்ரம் நிலவில் மோதிச் சிதைந்தது. அடுத்த முயற்சியின் பொறுப்பு இவரிடம் வந்தது. தொழிற்கூட ரோபோவின் அருகே நிற்பவருக்கு நிறுத்துப் பொத்தான் உண்டு. நிலவுக்கோ செய்தி சென்றுவரவே ஏறத்தாழ இரண்டரை நொடியாகும். இறங்குகையில் மனிதக் கை உதவாது. ஆகவே எது பிழைக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி வடிவமைத்தனர். கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடியது, 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குபகுதி 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிந்தது. பள்ளமும் பாறையும் கண்டு விலகும் ஒளிப்படக் கருவிகள் அமைந்தன. மாலை 5.44-க்கு இறக்கம் தொடங்கியபின் ஏறத்தாழ இருபது நிமிடம் பெங்களூரில் இருந்தோர் பார்த்திருக்க மட்டுமே முடிந்தது.

தரை தொட்டபின் உறவு மாறியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி மெல்ல நகர்வது. ஆதலால் அதை மனிதர் வழிநடத்த நேரமிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னே நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தென்பட்டது. வந்த தடத்திலேயே திரும்பக் கட்டளை சென்றது. ஊர்தி திரும்பி வேறு வழி கொண்டது. செப்டம்பர் 2-இல் உறக்கநிலையில் வைக்கப்படுமுன் நூறு மீட்டருக்கு மேல் கடந்திருந்தது.