உங்க ஊர் குப்பை எங்கே போகணும்? மக்கள் கருத்து சொல்ல என்ன வழி?

காலையில் குப்பை வண்டி வந்து போனதும் நம்ம வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் குப்பை எந்த ஊருக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? மக்களிடம் கேட்பார்களா?

திட்டம் போடுவது யார்?

குப்பையைச் சேகரிப்பது, தரம் பிரிப்பது, உரமாக்குவது எல்லாமே உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. மாநிலக் கொள்கை வெளியான 6 மாதத்துக்குள் நகர்ப்புற உள்ளாட்சிகள் தங்கள் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். கொள்கை வகுக்கும்போது குப்பை சேகரித்துப் பிழைப்பவர்களின் பிரதிநிதிகளையும், சுய உதவிக் குழுக்களையும் கலந்து பேசணும் என்றும் அதில் இருந்தது.

மக்கள் எங்கே பேசலாம்?

கிராமத்தில்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. வாக்காளர்கள் யாரும் பேசலாம். சொன்னதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்வது முக்கியம்.

நகரத்தில்: கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன.

பெரிய ஆலை வருதா?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதிக்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரணும். கலெக்டரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். கூட்டம் வீடியோவில் பதிவாகும்.

எல்லோரும் எதிர்த்தால் திட்டம் தானாக ரத்தாகுமா? ஆகாது. ஆனால் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் திட்டத்தைக் கொண்டுவருபவர் பதில் சொல்லியாகணும்.

கேட்காமல் விட்டால்?

பக்கத்து மாநிலமான கேரளாவில் நடந்ததே உதாரணம். திருவனந்தபுரம் நகரக் குப்பைக்காக 2000-ல் விளப்பில்சாலா கிராமத்தில் ஆலை தொடங்கப்பட்டது. துர்நாற்றம், தண்ணீர் மாசு என்று மக்கள் தொடர்ந்து போராடினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. குப்பையைக் கொட்ட இடமில்லாமல் நகரம் தவித்தது. அதன் பிறகுதான் வீட்டிலும் வார்டிலுமே உரமாக்கும் வழிக்குத் திரும்பியது.

இப்போ என்ன செய்யலாம்?

உங்க ஊர் திட்டத்தின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தரணும். கிடங்கு எங்கே, தரம் பிரித்த குப்பை மறுபடி ஒன்றாகக் கலக்கப்படுகிறதா, தூய்மைப் பணியாளர்களுக்கு என்ன பாதுகாப்பு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். டெண்டர் விட்ட பிறகு எழுப்பும் கேள்வியை விட, திட்டம் வரைவாக இருக்கும்போதே எழுப்பும் கேள்விக்குத்தான் பலன் அதிகம்.