சுடலைமுத்துவும் ஜோசப் ஜேம்ஸும்

சுடலைமுத்து என்று எங்கள் உடன்குடிச் சந்தையில் நின்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இசக்கிமுத்து என்றாலும் அப்படித்தான். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய 'தோட்டியுடெ மகன்' நாவலில் தகப்பன் இசக்கிமுத்து, மகன் சுடலைமுத்து. ஆலப்புழை நகரத்தின் மலம் அள்ளுகிறவர்கள். எந்தச் சீமையிலிருந்து போனவர்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழ் நாவல் அன்று அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

இதைத் தமிழாக்கியபோது சுந்தர ராமசாமிக்கு இருபது வயதை ஒட்டிய பருவம். பால்யம் கோட்டயத்தில் கழிந்ததால் மலையாளம் முதலில் வந்தது, தமிழ் எழுத்து பிறகுதான். 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்ததும் இதே பருவத்தில். (புதுமைப்பித்தன் இறந்தது திருவனந்தபுரத்தில், 1948இல்.) மொழிபெயர்ப்பு விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி'யில் தொடராக வந்தது. புத்தகமானது 2000இல். அவரே மொழிபெயர்த்த 'செம்மீன்' சாகித்ய அகாதெமி வெளியீடாக 1962இலேயே வந்துவிட்டது. காதலுக்குக் கிடைத்த இடம் மலத்துக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் கொச்சையாகப் படும். ஆனால் விஷயம் அதுதான்.

அந்த வருஷங்களின் அரசியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. நாகர்கோவிலில் ஒரு தமிழ் எழுத்தாளனுக்கு மலையாளியை வெறுக்கச் சகல நியாயங்களும் கைவசம் இருந்த காலம் அது.

இதன் அருகே வைத்துப் பார்க்க எனக்குக் கிடைப்பது, தொலைவில், 'குல்த்தூரா' என்ற போலிஷ் பத்திரிகை. 1943இல் வோலின் பிரதேசத்தில் உக்ரேனியப் படையினர் போலந்துக்காரர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றார்கள்; பதிலுக்கு உக்ரேனியரும் கொல்லப்பட்டார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள், பாரிஸ் அருகே அகதியாக இருந்து யெர்ஷி கெத்ரோய்ட்ஸ் நடத்திய அந்தப் பத்திரிகை, லிவிவ் நகரம் போனது போனதுதான் என்று தன் ஜனங்களோடு வாதாடியது. ஸ்டாலின் காலத்தில் ஒழிக்கப்பட்ட உக்ரேனிய எழுத்தாளர்களின் பெருந்தொகுப்பு ஒன்றை 1959இல் உக்ரேனிய மொழியிலேயே அச்சிட்டது. எதிராளியின் இலக்கியத்தை அவன் பாஷையிலேயே போட்டுக் கொடுத்த காரியம்.

நம்மிடம் அப்படி ஒரு பத்திரிகை இல்லை. ஆட்கள் இருந்தார்கள். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், பி. கே. பாலகிருஷ்ணனின் 'இனி ஞான் உறங்கட்டெ'யைத் தமிழாக்கினார். நீல பத்மநாபன் அய்யப்பப் பணிக்கரின் கவிதைகளைக் கொண்டுவந்தார். எல்லாம் அங்கிருந்து இங்கே. எதிர்த்திசையில் வண்டி அபூர்வம். அதிலும் ஆற்றூர் ரவிவர்மா என்ற கவிஞர் ஒருவர் இல்லையென்றால் நிலைமை சங்கடமானது. 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இரண்டையும் மலையாளத்தில் தந்தவர் அவர். தமிழ்ப் புதுக்கவிதையைத் திரட்டி மலையாளத்தில் 'புதுநானூறு' என்று பெயரிட்டதில் நம் புறநானூற்றின் மேல் அவருக்கிருந்த உரிமை தெரிகிறது. அந்த உரிமையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

'ஜே.ஜே.' 1981இல் வந்தது. ஜோசப் ஜேம்ஸ் மலையாள எழுத்தாளன்; ஸி. ஜே. தாமஸின் சாயல் என்பார்கள். சாயல் எனக்கு முக்கியமில்லை. தமிழ் எழுத்துலகத்தின் மீதிருந்த கோபத்தைச் சொல்ல ஒரு தமிழ் நாவலுக்கு ஒரு மலையாளி தேவைப்பட்டான் என்பதுதான் முக்கியம். தன் ஊரின் அழுக்கைச் சொல்லத் தகழிக்கு ஒரு சுடலைமுத்து தேவைப்பட்டதைப் போல. கலாசாரப் பரிவர்த்தனை என்று விழா மேடைகளில் இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொந்த வீட்டைப் பார்ப்பதாகத்தான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் உட்கார விட வேண்டும்.

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சு.ரா.வின் தமிழில்தான் தகழி. சுடலைமுத்து தன் பிள்ளைக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். தோட்டி மகனுக்கு இந்தப் பெயரா என்று ஊர் சிரிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். எங்கள் சந்தையில் அந்தப் பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்.