கம்பளியும் துண்டும்

ஸ்பானிய மொழியில் புலமை பெற்ற நண்பர் ஒருவர் அண்மையில் சுவையான செய்தி ஒன்றைச் சொன்னார். 'ஜாக்கெட்' என்னும் எளிய ஆங்கிலச் சொல்லை அம்மொழியில் பெயர்க்க வேண்டுமானால், எந்த நாட்டு வாசகருக்கு என்று முதலில் கேட்க வேண்டுமாம். ஸ்பெயினில் அது 'சக்கேத்தா'. மெக்சிகோவில் 'சமார்ரா', ஆர்ஜென்டினாவில் 'கம்பேரா', பெருவில் 'கசாக்கா'. ஸ்பெயின்காரரின் சொல்லை மெக்சிகோவில் கூசாமல் சொன்னால் கேட்பவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

நமக்கு மட்டும் என்ன குறை? அதே 'ஜாக்கெட்' சென்னையில் பெண்கள் சேலையோடு அணியும் இரவிக்கை. தமிழகத்தில் ஆண்கள் அணியும் 'சட்டை' யாழ்ப்பாணத்தில் சிறுமியர் அணியும் கவுன். அங்கே ஆண்கள் போடுவது 'சேட்டு'. தமிழகத்தின் கைலி இலங்கையில் 'சாரம்'. எங்கள் பாட்டனார் காலத்துக் 'களிசான்' போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். ஸ்பானிய மொழியின் 'கல்சோன்' அதற்கு உடன்பிறப்பு. மெக்சிகோவில் அந்த உடன்பிறப்புக்கு உள்ளாடை என்று பொருள். எனவே இது உலகப் பொது நோய் என்று ஆறுதல் கொள்ளலாம்.

எனக்கு இந்த நோயின் கடுமை புரிந்தது திம்புள்ளயில்.

பத்திரிகைத் தொழிலில் நான் புதியவனாக இருந்த காலம். மலையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த செய்தி ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என் மேசைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் 'கம்ப்ளி' வழங்குவது பற்றிய செய்தி. அகராதியைப் புரட்டி, 'போர்வை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சில வாரங்கள் கழித்துத் தலவாக்கலைப் பக்கம் சென்றபோது, லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"போர்வ படுக்கையில கெடக்கும் ஐயா. கம்பளி மலைக்குப் போகும். ரெண்டும் ஒண்ணா?"

தோட்டத் தமிழில் 'மலை' என்றால் கொழுந்து பறிக்கும் இடம். அந்த ஒரு வாக்கியத்தில் அகராதி சொல்லாத வரலாறு அடங்கியிருந்தது.

ஹற்றனிலிருந்து நானுஓயா வரை நீளும் திம்புள்ளப் பிரதேசம், தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கும் மலைச்சரிவு. கோப்பிக்காகத் திறக்கப்பட்ட காடுகள் அவை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர், தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அந்த மலைகளில் உழைக்க வந்தவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை போன்ற வறண்ட சமவெளிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நான்காயிரம், ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரையும் நாள்கணக்கில் ஓயாத தூறலையும் அவர்கள் கண்டதில்லை. ஊரில் அவர்கள் உடுத்திய பருத்தித் துணி இங்கே ஒரு மழைக்குத் தாங்காது.

அங்கேதான் கம்பளி வருகிறது. ஊரில் அது ஆட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணி. ஆடு மேய்ப்பவரின் துணை. மலையில் அதுவே உடையாயிற்று. தலைமேல் மடித்துக் கொங்காணியாக இட்டு, முதுகு வழியே தொங்கவிட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு பெண்கள் கொழுந்து பறித்தார்கள். இடுப்பில் படங்கு. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்ற வரிசையில் யார் யாரென்று உடையே சொல்லியது. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் பெரிய கங்காணிக்கு. கம்பளி தொழிலாளிக்கு.

தமிழ் அறியாத துரைமாருக்கும் இந்தச் சொல் தேவைப்பட்டது. 'பிளாங்கெட்' என்றால் கட்டில் நினைவுக்கு வரும். 'ரெயின்கோட்' என்றால் தையற்காரர் நினைவுக்கு வருவார். இது இரண்டும் இல்லை. ஆகவே அவர்கள் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் 'கம்ப்ளி' இடம்பெற்றிருக்கிறது. நான் மாற்றி எழுதிய சொல், நம் கம்பளியே ஆங்கில உச்சரிப்போடு திரும்பி வந்தது! தமிழை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கப் போய்த் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

துரைமார் தமிழ் கற்ற நூல்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். சின்னத்துரைகளுக்காக ஏ. எம். பெர்குசன் எழுதிய கையேட்டின் பெயர் 'இங்கே வா'. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915இல் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. 'வாருங்கள்' என்று ஒரு நூலுக்கும் பெயர் வைக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். அந்தத் தமிழில் கம்பளிக்கு இடம் இருந்தது. கம்பளிக்குள் இருந்தவருக்கு மரியாதை விகுதி இருக்கவில்லை.

அந்தக் கம்பளி இனாமாகவும் வரவில்லை. கடல் கடந்த பயணச் செலவு, வழிச்சோறு, துணி, கம்பளி யாவும் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டன. முதல் நாள் கொழுந்து பறிக்கும் முன்னரே அவர் கடனாளி. பின்னர் அரிசியின் விலையும் சம்பளத்தில் கழிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு துணிச்சொல் குறுக்கிடுகிறது. தமிழர் தோளில் கிடக்கும் துணிக்குத் 'துண்டு' என்று பெயர். இலங்கைத் தோட்டங்களின் ஆங்கில ஆவணங்களிலும் 'துண்டு' உண்டு. ஆனால் அது துணி அன்று, காகிதம். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்தத் தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அந்தச் சீட்டோடு வேறு தோட்டத்தை நாடுவார். புதிய துரை பழைய கடனை அடைத்து, மேலும் முன்பணம் கொடுப்பார். ஆள் இடம் மாறும்போதெல்லாம் கடன் வளர்ந்தது. சுமந்தவர், அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாத தொழிலாளி. நீண்ட கண்டனங்களுக்குப் பின்னர் 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோளில் கிடந்தபோது மானம் காத்த துண்டு, துரையின் மேசைக்குப் போனதும் மனிதரைக் கட்டும் கயிறாயிற்று. கடன் கணக்கில் ஏறிய கம்பளியோ குளிரையாவது தடுத்தது.

கதை திம்புள்ளயோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு முடிவு காண 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கமர்ந்தனர். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இலங்கையில் 'இந்தியாக்காரர்', இந்தியாவில் 'சிலோன்காரர்'. நாடு மாற மாறப் பொருள் மாறுவது துணிச் சொற்களுக்கு மட்டும் நேரும் விதி அன்று.

இன்று திம்புள்ளச் சரிவுகளில் கம்பளியைக் காண்பது அரிது. பொலித்தீன் உறைகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. எடை குறைவு, விலையும் குறைவு. குளிரை மட்டும் தடுக்காது. பொருள் மறைந்தால் சொல்லும் மெல்ல மறையும்.

அந்தச் செய்தியை இன்று என்னிடம் தந்தால் 'கம்பளி' என்றே எழுதுவேன். அகராதி பிழை சொல்லவில்லை. யார் பேச்சை யாருக்குச் சொல்கிறோம் என்று கேட்காதது என் பிழை. அந்த மூதாட்டி இப்போது இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரில், எதைப் போர்த்திக்கொண்டு, அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிற்காலத்தில் எங்கோ ஒரு மேசையில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவனுக்கு அது உதவும்.