பஞ்சோடு மோதிய பாசி

காலில் அடிபட்டு ரத்தம் கொட்டினால் கை முதலில் எதைத் தேடும்? பஞ்சை! முதல் உலகப் போரில் அந்தப் பஞ்சுக்கே பஞ்சம் வந்தது.

காயம்பட்டவர்கள் ஏராளம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வெடிமருந்து! பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் 'கன் காட்டன்' கிடைக்கும். 1846-ல் ஷான்பைன் என்கிற வேதியியல்காரர் கண்டுபிடித்த சமாச்சாரம். பிரிட்டிஷ் பீரங்கிகள் தின்ற 'கார்டைட்' மருந்துக்கு இது இல்லாமல் ஆகாது. ஆக, சுடுவதற்கும் பஞ்சு, சுடப்பட்டவனுக்குக் கட்டுப்போடவும் பஞ்சு!

இந்த இழுபறிக்கு நடுவில்தான் எடின்பரோவில் இரண்டு பேர் ஒரு மாற்று சொன்னார்கள். ஒருவர் காத்கார்ட், அறுவைசிகிச்சை நிபுணர். இன்னொருவர் பால்ஃபர், தாவரவியல் அறிஞர். 1914-ல் 'ஸ்காட்ஸ்மன்' பத்திரிகையில் அவர்கள் எழுதியது: 'சதுப்பு நிலத்தில் ஸ்ஃபேக்னம் என்றொரு பாசி கிடக்கிறது. ஜெர்மன்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். நாமும் எடுக்கலாமே?'

பாசி என்றதும் குளத்தில் வழுக்கிவிடுமே, அதை நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் வெல்வெட் மாதிரி படருமே, அந்த ஜாதி. பூ கிடையாது, விதை கிடையாது, நிஜ வேர்கூடக் கிடையாது. பருத்தியோ பூத்து, காய்த்து, வெடிக்கிற செடி. அதன் ஒவ்வொரு இழையும் விதைத் தோலிலிருந்து நீண்ட ஒரே ஒரு செல். மேலே மெழுகு வேறு. வேகவைத்து அதை நீக்கினால்தான் பஞ்சு ஈரத்தை உறிஞ்சும்.

பாசிக்கு அந்த வேலையே இல்லை. அதன் இலையில் பெரும்பகுதி செத்துப்போன காலி செல்கள்தான். சுவரில் ஓட்டைகள். தண்ணீர் பட்டால் தானாக உள்ளே போய்விடும். பஞ்சு தன் எடையைப்போல ஐந்தாறு மடங்கு உறிஞ்சும் என்றால், நல்ல ஸ்ஃபேக்னம் 20 மடங்கு! பஞ்சுக்கட்டு ஒரே இடத்தில் நனைந்து கசியும். பாசியில் ஈரம் பக்கவாட்டில் பரவும். போதாததற்கு அதன் அமிலத்தன்மையில் கிருமிகளால் சுலபமாகப் பெருக முடியாது.

நூற்றுக்கணக்கான ஸ்ஃபேக்னம் வகைகளில் 'பாப்பில்லோசம்', 'பலுஸ்த்ரே' இரண்டுதான் சிகிச்சைக்கு உசத்தி. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, டார்ட்மூர் சதுப்புகளில் பெண்களும் பிள்ளைகளும் இறங்கி அள்ளினார்கள். காயவைத்து, குச்சியும் புல்லும் பொறுக்கி, மஸ்லின் பைகளில் அடைத்தார்கள். (மஸ்லின் எதில் நெய்வது என்கிறீர்கள்? பருத்தியில்தான்!) 1918-ல் பிரிட்டனிலிருந்து மாதம் பத்து லட்சம் பாசிக்கட்டுகள் போனதாகக் கணக்கு.

போர் முடிந்தது. பஞ்சு மறுபடி மலிவாகக் கிடைத்தது, மெஷினே சுத்தம் செய்தது. பாசியை உட்கார்ந்து பொறுக்க ஆளில்லை!

ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு நர்சரியில் விற்கிறார்களே, அது இந்த ஸ்ஃபேக்னம்தான். தயவுசெய்து காயத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் சில சமயம் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பூஞ்சை, சின்ன கீறல் கிடைத்தாலும் உள்ளே புகுந்து தோலைப் புண்ணாக்கிவிடும்.