எலியின் பால்சுரப்பியிலிருந்து ஆவடி வரை: கமல் ரணதிவேயின் ஆய்வு வாழ்வு குறித்து

கமல் ரணதிவேயை (1917–2001) மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர் என்றே எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். மும்பையின் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நிறுவியவர், 1973-இல் இந்தியப் பெண் அறிவியலாளர் சங்கம் உருவாக முன்நின்றவர், 1982-இல் பத்மபூஷண் பெற்றவர் என்று பட்டியல் நீளும். நடுவே, தொழுநோய்க் கிருமியையும் ஆராய்ந்தார் என்று ஒரு வரி போகிற போக்கில் வந்துபோகும். அந்த ஆய்வை அவருடைய வாழ்வின் ஓரத்தில் வைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பால்சுரப்பியையும் தொழுநோய்க் கிருமியையும் அவர் அணுகியது ஒரே வழியில்தான். அந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கான சான்று, மும்பையைவிட்டு வெகு தொலைவில், சென்னைக்கு மேற்கே ஆவடியிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கள ஆய்வில் கிடைத்தது.

தொடக்கத்தைப் பார்ப்போம். வி. ஆர். கனோல்கரின் வழிகாட்டலில் டாடா நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த ரணதிவே, 1949-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மார்பகப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு எலி இனங்களை எடுத்துக்கொண்டு, நோய் வருமுன் அவற்றின் பால்சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒப்பிட்டது அவருடைய தொடக்ககால ஆய்வுகளில் முக்கியமானது. கட்டியைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுவது அன்றைய வழக்கம். இவரோ கட்டி இல்லாத சுரப்பியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இது எளிதான தேர்வல்ல. 1936-இல் ஜான் பிட்னர் அமெரிக்காவில் காட்டியிருந்த முடிவு எல்லோரையும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. புற்று மிகுதியாக வரும் இனத்துக் குட்டிகளை, புற்று குறைவான இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டால் நோய் பெரிதும் குறைந்தது. பால்வழியே ஏதோ கடத்தப்படுகிறது என்று தெரிந்தது. அது ஒரு வைரஸ் என்பது பிறகு உறுதியானது. மரபா, ஹார்மோனா, பாலில் வரும் வைரஸா என்ற கேள்விக்கு ஒன்றை மட்டும் விடையாகச் சொல்லிவிடாமல், இம்மூன்றும் ஒரே சுரப்பியின் செல்களில் எப்படிச் சந்திக்கின்றன என்று பார்ப்பதே ரணதிவேயின் போக்கு. செல்லுக்கு அது வாழும் சூழலைக் கொடுத்துவிட்டு, பிறகு அது என்ன செய்கிறது என்று பார்ப்பது: அவருடைய முறையியல் என்று நான் சொல்வது இதைத்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பின் அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கையிடம் பயின்றார். ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து 1951-இல் ஹீலா செல்களை வளர்த்தெடுத்த ஆய்வகம் அது. கோழியின் ரத்தப் பிளாஸ்மா, மாட்டுக் கருவின் சாறு, மனிதத் தொப்புள்கொடி ரத்தத்தின் சீரம் இவற்றைக் கலந்து ஜார்ஜ் கை தம் வளர்ப்பு ஊடகத்தைத் தயாரித்தார். மெதுவாகச் சுழலும் உருளையில் குழாய்களைச் செருகிவைத்தார். இந்தத் தொழில் நுணுக்கத்தோடு ரணதிவே மும்பை திரும்பினார்.

தொழுநோய்க் கேள்வி இங்கேதான் வருகிறது. தொழுநோய்க் கிருமியை 1873-இல் ஹான்சன் கண்டார்; ஆனால் எந்தச் செயற்கை ஊடகத்திலும் அது வளரவில்லை, இன்றுவரை வளரவில்லை. அது நரம்பை நாடும் கிருமி. நோயின் தொடக்கத்திலேயே நரம்பு பாதிக்கப்படுவதைக் கனோல்கரின் திசு ஆய்வுகள் வற்புறுத்தியிருந்தன. அப்படியானால் வெறும் ஊடகத்துக்குப் பதில் நரம்புச் சூழலையே ஏன் கொடுக்கக் கூடாது? பாபட், ரணதிவே, கனோல்கர் மூவரும் மனிதக் கருவின் தண்டுவட நரம்பு முடிச்சுகளை வளர்ப்பில் வைத்து, தொழுநோயாளியின் திசுவிலிருந்து எடுத்த கிருமியை அதில் இட்டார்கள். 1958-இல் ஒரு கிருமி வளர்ந்தது. இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தாலேயே அது ஐ.சி.ஆர்.சி. பேசில்லஸ் எனப்பட்டது. நுண்ணுயிரியலில் மட்டும் ஊறிய ஒருவர் ஊடகத்தில் இன்னொரு உப்பைச் சேர்த்துப் பார்த்திருப்பார். சுரப்பியைச் சூழலோடு சேர்த்தே பார்க்கப் பழகியவருக்குத்தான் நரம்பு முடிச்சு நினைவுக்கு வரும் என்பது என் துணிபு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வளர்ந்தது தொழுநோய்க் கிருமியே அல்ல; மைக்கோபாக்டீரியம் ஏவியம்–இன்ட்ராசெல்லுலரே குழுவைச் சேர்ந்த வேறொன்று என்று பின்னர் தெரிந்தது. ஆகவே ஆய்வு தோற்றது என்று கொள்ளலாமா? அடையாளம் தவறியது உண்மை. ஆனால் இரண்டு கிருமிகளுக்கும் பொதுவான எதிர்ப்புத் தூண்டிகள் இருந்தன. அதே நிறுவனத்தில் எம். ஜி. தேவ் அந்தக் கிருமியின் ஒரு வகையைக் காமா கதிரால் கொன்று தடுப்பூசியாக்கினார். அது வேலை செய்கிறதா என்பதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்ல முடியாது.

ஆவடியில் மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு இயங்கிவந்தது. எம். டி. குப்தே தலைமையில் அது செங்கல்பட்டு மாவட்டத்தில் 1991 ஜனவரியில் ஒப்பீட்டுத் தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது. இந்த மாவட்டத்துக்கு முன்னரே ஒரு பாடம் தெரியும்: 1968-இல் திருவள்ளூரை மையமாகக் கொண்டு தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பி.சி.ஜி. இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டி உலகையே திடுக்கிட வைத்தது. நம்பிக்கையோடு வரும் தடுப்பூசியைக் கைவிரிக்கச் செய்யும் வலிமை களத்துக்கு உண்டு என்பதை இந்தக் கிராமங்கள் அறிந்திருந்தன.

புதிய ஆய்வில் சுமார் 3,00,000 பேர் பதிவானார்கள். 2,16,000 பேர் தகுதி பெற்றார்கள். 1,71,400 பேர் முன்வந்தார்கள். பி.சி.ஜி., பி.சி.ஜி.யுடன் கொன்ற தொழுநோய்க் கிருமி, எம்.டபிள்யூ. (மைக்கோபாக்டீரியம் டபிள்யூ என்ற கிருமியிலிருந்து செய்தது), ஐ.சி.ஆர்.சி. என நான்கு தடுப்பூசிகள். ஒப்பீட்டுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருவது பொறுமையான வேலை. தொழுநோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகும். பகல் வெளிச்சத்தில் உடம்பு முழுவதும் தோலைப் பார்க்க வேண்டும்; தேமல் தென்பட்டால் அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்; முழங்கை மடிப்பின் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு மறு ஆய்வுகளிலும் தொடக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை மீண்டும் கண்டு பரிசோதித்தார்கள். வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஊர் மாறிக்கொண்டே இருக்கும் மக்களிடையே இது சாதாரணம் அல்ல. 1998 டிசம்பரில் குறியீடுகள் திறக்கப்பட்டபோது, ஆய்வு தொடங்கிய செங்கல்பட்டு மாவட்டமே திருவள்ளூர், காஞ்சிபுரம் என இரண்டாகியிருந்தது.

ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசியின் காப்பு 65.5 விழுக்காடு (நம்பக இடைவெளி 48.0–77.0). பி.சி.ஜி.யுடன் கொன்ற கிருமிக்கு 64 (50.4–73.9), பி.சி.ஜி.க்குத் தனியாக 34.1 (13.5–49.8), எம்.டபிள்யூ.வுக்கு 25.7 (1.9–43.8). ஐ.சி.ஆர்.சி.யின் கீழெல்லையும் பி.சி.ஜி.யின் மேலெல்லையும் மயிரிழையில் உரசுகின்றன; ஆகவே முதலிடம் என்று முழங்குவதைவிட, பொதுச் சுகாதாரத்துக்குப் பயன்படும் அளவு காப்பு இருந்தது என்று சொல்வதே நேர்மை. கடுமையான தொழுநோய் வகைகளைத் தடுக்குமா என்பதை முடிவுசெய்யப் போதிய நோயாளிகள் உருவாகவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை விரைவாகக் குறைத்துவந்த காலம் அது. இந்தத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் இடம்பெறவில்லை. அதனால் ஆய்வின் மதிப்பு குறைந்துவிடாது. நரம்பு முடிச்சில் தொடங்கிய ஓர் ஊகம் நாற்பதாண்டு கழித்து மக்களிடம் சோதிக்கப்பட்டு, எண்ணாக விடை பெற்றது. இந்திய உயிரியலில் இவ்வளவு நீண்ட சங்கிலி அறுபடாமல் வந்தது அரிது.

ரணதிவேயின் சொந்தத் துறையான மார்பகப் புற்றில் அப்படியொரு சங்கிலி உருவாகவில்லை. சென்னைப் புற்றுநோய்ப் பதிவகத்தின் தொடக்க ஆண்டுகளில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. இன்று மார்பகப் புற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லூரி ஆய்வகங்களில் மார்பகப் புற்று செல்களோடு வேலை நடக்காமல் இல்லை. மூலிகைச் சாறு ஒன்றை எம்.சி.எஃப்-7 செல்கள்மீது இடுவார்கள். 96 குழித் தட்டில் உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா வெளிறினால் செல்கள் குறைந்தன என்று பொருள். பெரும்பாலான கட்டுரைகள் அந்தத் தட்டோடு முடிந்துவிடுகின்றன. எம்.சி.எஃப்-7 என்பது 1970-இல் டெட்ராய்ட்டில் ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்த செல்வழி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளது. ஹார்மோன் ஏற்பிகள் இல்லாத மும்மை எதிர்மறை வகையோ இந்தியப் பெண்களிடம் மேலைநாடுகளைவிடக் கூடுதல் விகிதத்தில் காணப்படுகிறது. நான்கு எலி இனங்களை அருகருகே வைத்தால்தான் ஒன்றைப் பற்றிப் பேச முடியும் என்று ரணதிவே 1940களிலேயே நினைத்தார். நாம் ஒரே ஒரு பெண்ணின் செல்லை வைத்து எல்லோரையும் பற்றிப் பேசுகிறோம்.

ஆவடிக் களப்பிரிவும் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999-இல் இணைந்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவானது. அந்நிறுவனம் இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது. செல் வளர்க்கும் ஆய்வகங்கள் அங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளூர் மருத்துவமனைகளில் அறுவைக்கு வரும் பெண்களின் திசுவை, அவர்களின் ஒப்புதலோடு, முதல் பிரசவ வயது, பாலூட்டிய காலம், குடும்ப வரலாறு ஆகிய விவரங்களுடன் சேர்த்து வளர்ப்பில் வைக்க வேண்டும். பதிவகத்தின் வழியே அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். இதற்கான ஆட்களும் பயிற்சியும் இந்த மேற்குப் புறநகரிலேயே இருக்கின்றன. ஆய்வு நிதி வழங்குபவர்கள் செல் ஆய்வையும் கள ஆய்வையும் ஒரே விண்ணப்பமாக ஏற்க முன்வர வேண்டும்.