நீட்டிய கையின் நகங்கள்

கொடைக்கானல் மலையின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை அடுத்திருக்கும் கிளாவரையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. மண்ணில் கைவைத்துப் பிழைப்போர்க்கு நகமும் ஒரு கருவியே. அந்நகத்தைப் பற்றும் நோயொன்று உண்டு. சித்த மருத்துவர் அதனைக் காளாஞ்சகப்படை என்பர். இன்றைய அரபு மருத்துவர் சதஃபிய்யா என்பர். நகம் முளைக்குமிடத்தை அது தாக்கினால், நகத்தில் ஊசி குத்தினாற்போன்ற குழிகள் விழும்; நகம் தடித்துச் சதையைவிட்டு விலகும். சிறு காயமும் அதனை வளர்க்கும், பொத்தானிடுவதும் வேதனையாகும்.

இந்நோயாளர் நெடுங்காலம் குட்டநோயாளரென்றே எண்ணி ஒதுக்கப்பட்டனர். 1841இல்தான் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். குட்டம் கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. காளாஞ்சகப்படையோ தொற்றவே தொற்றாதது.

குட்டநோயைப் பற்றிய அச்சம் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனின் குட்டநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்தது. 2019இல் அது நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது. இனித் திருந்த வேண்டியவை, முஸாபஹாவுக்கு நீளும் கையின் நகத்தைக் கண்டு தயங்கும் நம் கைகளே.